மார்கழிக் குளிரில் வீடு மணக்க வேண்டுமா? முதலில் ஜன்னலைத் திறங்கள்!

மார்கழி விடியல். பெரம்பலூருக்கு வடக்கே, திருச்சி - சென்னை நெடுஞ்சாலையை ஒட்டிய வாலிகண்டபுரத்தில் பனி இன்னும் விலகவில்லை. முகப்பு விளக்கை எரியவிட்டபடி லாரிகள் மெல்ல ஊர்ந்து போகின்றன. வாலீஸ்வரர் கோயில் கோபுரம் பாதிதான் தெரிகிறது. தெருவில் வாசலுக்கு வாசல் கோலம், நடுவே சாண உருண்டையில் செருகிய பூசணிப்பூ.

வெளியே எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. கதவைத் திறந்து உள்ளே போனால்தான் சேதி தெரியும். முந்தாநாள் துவைத்து இன்னும் காயாத போர்வை, ஐப்பசி மழையில் ஊறிய சுவர், மூலையில் அடுக்கிய சின்ன வெங்காய மூட்டை, ஈரச் சாக்கு, இரவெல்லாம் எரிந்த கொசுவத்தி... எல்லாம் சேர்ந்து ஒரு வாடை. குளிர்காலத்தில் இந்த ஊர் என்றில்லை, தமிழ்நாட்டின் பெரும்பாலான வீடுகளில் இதே கதைதான்.

விருந்தாளி வருகிறார் என்றால் உடனே கை எதைத் தேடும்? நாலு ஊதுபத்தி, ஒரு கப் சாம்பிராணி, இல்லாவிட்டால் கடையில் வாங்கிய ஸ்பிரே. பத்து நிமிடம் வீடு கமகமவென்று இருக்கும். பிறகு பழைய வாடை திரும்பி வரும். இம்முறை புகையையும் கூட்டிக்கொண்டு வரும். வீட்டில் கைக்குழந்தையோ, இளைப்பு உள்ள தாத்தாவோ இருந்தால் அன்று இரவு முழுக்க இருமல்தான்.

சமையலறையிலும் கொல்லைப்புறத்திலும் நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும் பொருட்களைக் கொண்டே, புகையில்லாமல் வீட்டை மணக்க வைக்க முடியும். ஆனால், அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

குளிரில் மட்டும் ஏன் இந்த வாடை?

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. அந்த ஈரம் சுவரில் இருக்கும்போதே பனியும் வந்துவிடுகிறது. வெயில் குறைவு. குளிருக்கும் கொசுவுக்கும் பயந்து மாலை நான்கு மணிக்கே ஜன்னலைச் சாத்திவிடுகிறோம். குளித்த ஈரம், சமைத்த ஆவி, அறைக்குள் காயப்போட்ட துணியின் ஈரம், தூங்குகிறவர்களின் மூச்சு எல்லாம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றுகின்றன.

காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். பீரோவுக்குப் பின்புறச் சுவர், கட்டிலுக்கு அடி, செருப்பு வைக்கும் இடம், பழைய புத்தக அடுக்கு எனக் காற்று போகாத இடமெல்லாம் அதன் குடியிருப்பு. மக்கிய வாடையை உண்டாக்குவது பெரும்பாலும் அதுதான். அதன் மேல் எத்தனை வாசனையைத் தெளித்தாலும் அது சேற்றின் மேல் போட்ட கோலம் போலத்தான்.

வாசனை விஷயத்தில் குளிர் இன்னொரு வேலையும் செய்கிறது. மணம் என்பது காற்றில் கலக்கும் நுண்ணிய எண்ணெய்த் துகள்கள்தான். சூட்டில் அவை வேகமாக ஆவியாகும், குளிரில் மெதுவாக. அதனால்தான் கோடையில் ஒரு முழம் மல்லிகை வீட்டையே நிறைக்கிறது, மார்கழியில் அதே பூவுக்கு மணம் சற்று மட்டு. போதாக்குறைக்கு இந்த மாதங்களில் மல்லிகை விளைச்சலும் குறைந்து விலை ஏறிவிடும். தெருவெங்கும் பூத்துக் கிடக்கும் டிசம்பர் பூவுக்கோ நிறம் உண்டு, மணம் கிடையாது.

நக்கீரர் பார்த்த குளிர்கால வீடு

குளிர்காலத்தில் வீட்டை மணக்க வைப்பது இன்றைக்கு வந்த பழக்கமல்ல. பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையில் கூதிர்கால வர்ணனை விரிவாக வருகிறது. நக்கீரர் அதில் காட்டும் வீட்டை இன்றைய வீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

மழை மூடிய வானத்தில் பொழுது தெரியவில்லை. பெண்கள் பூந்தட்டில் வைத்திருந்த பிச்சி மொட்டுகள் விரிந்து மணம் வீசியதும், மாலை வந்துவிட்டது என்று அறிந்து விளக்கேற்றுகிறார்கள். வாசனையே அங்கே கடிகாரம்! கோடையில் உடம்பில் பூசச் சந்தனம் அரைத்த கல், குளிரில் வேலையின்றிக் கிடக்கிறது. கூந்தலில் நிறையப் பூச்சூடுவதில்லை. அகில் கட்டையோடு வெள்ளைக் கற்கண்டும் சேர்த்துப் புகைத்து, அந்தப் புகையைக் கூந்தலுக்கு ஏற்றுகிறார்கள். வாடைக் காற்றுக்கு அஞ்சி ஜன்னல் கதவுகளைத் தாழிடுகிறார்கள். அகன்ற வாயுள்ள தடவில், அதாவது தீச்சட்டியில், நெருப்பு மூட்டிக் குளிர் காய்கிறார்கள்.

பருவம் மாறினால் வாசனையும் மாற வேண்டும் என்ற அறிவு அதில் இருக்கிறது. குளிர்ச்சி தரும் சந்தனமும் வெட்டிவேர் விசிறியும் கோடைக்கு. கதகதப்பான மணங்கள் குளிருக்கு. இன்றும் அதே கணக்குதான். பட்டை, கிராம்பு, ஏலக்காய், சுக்கு, ஆரஞ்சுத் தோல் எல்லாம் குளிர்கால வீட்டுக்கு இதமாகப் பொருந்துகிற மணங்கள்.

ஓட்டு வீடு மூச்சுவிட்டது

'அந்தக் காலத்தில் பாட்டி தினமும் சாம்பிராணி போட்டாங்களே, யாருக்கு என்ன ஆச்சு?' என்ற கேள்வி எல்லா வீட்டிலும் எழும். நியாயமான கேள்விதான். பதில் பாட்டியிடம் இல்லை, பாட்டி வாழ்ந்த வீட்டில் இருக்கிறது.

நாட்டு ஓடு வேய்ந்த கூரையில் ஓட்டுக்கு ஓடு இடைவெளி உண்டு. நடுவில் முற்றம், முன்னால் திண்ணை, பின்னால் கொல்லை. கீழே போட்ட புகை மேலே ஏறி, ஓட்டு இடுக்கில் நுழைந்து போய்விடும். கோயிலும் அப்படித்தான். குங்கிலியக் கலய நாயனார் திருக்கடவூர்க் கோயிலில் குங்கிலியத் தூபம் இடுவதையே வாழ்நாள் தொண்டாகச் செய்தார். வறுமை வந்தபோது மனைவியின் தாலியைக் கொடுத்துக்கூட குங்கிலியம் வாங்கினார் என்கிறது பெரியபுராணம். ஆனால் அந்தத் தூபம் ஏறியது பெரிய கோயிலில். பத்துக்குப் பத்து படுக்கையறையில் அல்ல.

இன்றைய வீடு கான்கிரீட் பெட்டி. ஜன்னலில் கொசுவலை, அதன் மேல் கண்ணாடி, அதன் மேல் திரைச்சீலை. அதே ஒரு சிட்டிகை சாம்பிராணி இங்கே மணிக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். பழக்கம் அப்படியே வந்துவிட்டது. அந்தப் பழக்கத்தைத் தாங்கிய வீடு கூட வரவில்லை.

'இது இயற்கைப் பொருள், கெடுதல் இல்லை' என்ற நம்பிக்கையும் இங்கே உதவாது. சாம்பிராணியோ, வேப்பிலையோ, வறட்டியோ, எதை எரித்தாலும் புகையில் நுண்துகள் இருக்கும். கொசுவத்தி இன்னும் மோசம். ஒரு சுருள் முழுதாக எரிந்து முடிவதற்குள் வெளியிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவுக்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது.

மணத்துக்கு முன் செய்ய வேண்டியவை

காசு செலவில்லாத வேலைகள் இவை. இவற்றைச் செய்தாலே பாதி வாடை போய்விடும்.

காலை 11 மணியிலிருந்து மதியம் 2 மணிக்குள் காற்று சற்று உலர்ந்திருக்கும். அந்த நேரத்தில் எதிரெதிரே உள்ள ஜன்னல்களை 20 நிமிடமாவது முழுதாகத் திறந்துவையுங்கள். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் போதாது. காற்று உள்ளே வந்தால் வெளியே போக வழி வேண்டும். கொசு வரும் மாலை நேரத்துக்கு முன்பே சாத்திவிடலாம்.

பீரோவையும் கட்டிலையும் சுவரிலிருந்து நான்கு விரல்கடை தள்ளிப் போடுங்கள். வெயில் அடிக்கும் நாளில் தலையணை, போர்வை, மிதியடி மூன்றையும் மொட்டை மாடிக்குக் கொண்டுபோங்கள். வெயில் இல்லாத நாளில் துணியை அறைக்குள் காயப்போட நேர்ந்தால், மின்விசிறியை ஓடவிட்டு ஜன்னலை ஒருக்களித்து வையுங்கள்.

பெரம்பலூர் மாவட்டம் சின்ன வெங்காயத்துக்குப் பேர் போனது. அதனால் இந்தப் பக்கத்து வீடுகளில் மூட்டைக் கணக்கில் வெங்காயம் இருப்பது சகஜம். வயல்காட்டில் பட்டறை போடும்போது காற்று புகுந்து வரும்படிதானே போடுகிறார்கள்? வீட்டுக்குள்ளும் அதே விதிதான். மூடிய அறையில் சாக்கோடு வைக்காமல், ஓலைத் தட்டிலோ வலைப் பையிலோ பரத்தி வையுங்கள். அழுகியதை இரண்டு நாளைக்கு ஒருமுறை பொறுக்கி எடுத்துவிடுங்கள். ஒரு வெங்காயம் அழுகினால் போதும், ஊதுபத்திக் கட்டு முழுவதும் வீண்.

அலமாரி மூலையில் ஒரு கிண்ணம் கல் உப்பு வைத்தால் அதிகப்படி ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். உப்பு நசநசவென்று ஆனதும் வெயிலில் காயவைத்துத் திரும்ப வைக்கலாம். பற்றவைக்காத கரித்துண்டுகளைத் துணியில் முடிந்து குளிர்பதனப் பெட்டியிலும் செருப்பு அலமாரியிலும் வைத்தால் அவை வாடையை உறிஞ்சும். வாரம் ஒரு வெயில் காட்டினால் மறுபடி பயன்படும்.

புகையில்லாமல் ஐந்து மணங்கள்

வீடு காற்றாடிவிட்டது. இனி மணத்தைக் கூப்பிடலாம்.

1. ஆரஞ்சுத் தோல் கொதிநீர்

கமலா ஆரஞ்சு குவிந்து கிடக்கும் காலம் இது. பழத்தைத் தின்றுவிட்டுத் தோலை எறிய வேண்டாம். தோலில் உள்ள குட்டிக் குட்டிப் பைகளில்தான் அதன் வாசனை எண்ணெய் இருக்கிறது.

தேவையானவை: இரண்டு ஆரஞ்சுப் பழத்தின் தோல், விரல் நீளப் பட்டை ஒன்று, கிராம்பு ஐந்து, தட்டிய இஞ்சி ஒரு துண்டு, ஏலக்காய்த் தோல் கொஞ்சம், தண்ணீர் ஒரு லிட்டர். (ஏலக்காய் விதையைப் பாயசத்துக்கு எடுத்துக்கொண்டு தோலை மட்டும் சேர்த்து வைத்தால் போதும்.)

எல்லாவற்றையும் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவிட்டு, பிறகு அடுப்பை மிகக் குறைவாக வைத்து 15 நிமிடம் விடுங்கள். அடுப்பை விட்டு நகரக் கூடாது. தண்ணீர் வற்றிவிட்டால் பாத்திரம் தீய்ந்து, மணத்துக்குப் பதில் கருகல் வாடைதான் மிஞ்சும். அப்புறம் அடுப்பை அணைத்து, பாத்திரத்தைக் கூடத்தில் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ஆறும்வரை மணக்கும். அதே நீரை மறுநாள் ஒருமுறை சூடாக்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

ஆவியும் ஈரம்தான் என்பதால், ஏற்கெனவே சுவர் ஓதமாக உள்ள அறையில் இதைச் செய்யாதீர்கள். கூடத்தில், ஒரு ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்வதே நல்லது.

2. பீரோவுக்கு மணப் பொட்டலம்

பட்டுப்புடவைப் பெட்டியில் தாழம்பூ மடலும் மகிழம்பூவும் போட்டுவைப்பது பழைய வழக்கம். மகிழம்பூவுக்கு ஒரு விசேஷம் உண்டு, காய்ந்த பிறகும் மணம் போகாது. இந்தப் பொட்டலமும் அதே வழிதான்.

வெட்டிவேர் ஒரு கைப்பிடி, காய்ந்த பன்னீர் ரோஜா இதழ் ஒரு கைப்பிடி, கிச்சிலிக்கிழங்கு அல்லது பூலாங்கிழங்கு நான்கைந்து துண்டு, கிராம்பு பத்து, ஒடித்த பட்டை ஒன்று. மகிழம்பூ கிடைத்தால் அதுவும். எல்லாமே நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். கிழங்கையும் கிராம்பையும் ஒன்றிரண்டாகத் தட்டுங்கள். மாவாக அரைத்தால் துணியில் கறை படியும், மணமும் சீக்கிரம் போய்விடும். பழைய வேட்டித் துணியில் சிறு சிறு பொட்டலமாக முடிந்து, துணிகளுக்கு இடையே வையுங்கள். பட்டின் மேல் நேரடியாகப் படாமல் ஓர் ஓரமாக இருக்கட்டும்.

மணம் குறைந்ததாகத் தோன்றினால் பொட்டலத்தைக் கையால் கசக்கிவிட்டு ஒரு மணி நேரம் வெயிலில் வைத்தால் மறுபடி உயிர் வரும். பொருட்கள் மொறுமொறுவென்று காய்ந்திருப்பது முக்கியம். ஈரம் இருந்தால் பொட்டலத்துக்குள்ளேயே பூஞ்சை பிடித்துவிடும்.

3. வெட்டிவேர்த் தண்ணீர்

தமிழ்நாட்டில் கடலூர்ப் பக்கத்து மணற்பாங்கான நிலங்களில் வெட்டிவேர் சாகுபடி நடக்கிறது. வேரை நன்றாக அலசி, ஒரு சிறு பிடி எடுத்து அரை லிட்டர் வெந்நீரில் இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் வடிகட்டித் தெளிப்பான் புட்டியில் ஊற்றினால் அறைத் தெளிப்பு தயார். பதப்படுத்தும் பொருள் எதுவும் சேர்க்காததால் குளிர்பதனப் பெட்டியில் வைத்து மூன்று நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும்.

திரைச்சீலை மேல் வெயில் நேரத்தில் லேசாகத் தெளியுங்கள். வெள்ளைத் துணியில் கறை படியலாம், அதனால் முதலில் ஒரு மூலையில் தெளித்துப் பாருங்கள். ஊறிய வேரை எறிய வேண்டாம். காயவைத்து இன்னும் ஒருமுறை பயன்படுத்தலாம்.

4. செருப்பு அலமாரிக்குச் சோடாக் கிண்ணம்

சிறு கிண்ணத்தில் சமையல் சோடா அரைக் கிண்ணம், கிராம்புத் தூள் ஒரு தேக்கரண்டி. மேலே மெல்லிய துணி கட்டி ரப்பர் பேண்ட் போட்டுவிடுங்கள். சோடா வாடையை உறிஞ்சும், கிராம்பு மணக்கும். மாதம் ஒருமுறை மாற்றினால் போதும். பழைய சோடாவைக் குளியலறைத் தரை தேய்க்க வைத்துக்கொள்ளலாம்.

5. வாசலில் ஒரு உருளி

ஒரு உருளியில் தண்ணீர் ஊற்றி, மேலே மருக்கொழுந்து, துளசி, பன்னீர் ரோஜா இதழ், இரண்டு எலுமிச்சை வில்லை மிதக்கவிடுங்கள். குளிர்ந்த நீரில் மணம் மெதுவாகத்தான் எழும் என்பதால், வெதுவெதுப்பான நீர் ஊற்றினால் மணம் தூக்கலாக இருக்கும். தினமும் தண்ணீரை மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் ஏடிஸ் கொசுவுக்கு நாமே தொட்டில் கட்டியது போல் ஆகிவிடும். மழைக்காலம் டெங்கு காலமும்கூட.

இந்த மணங்கள் கொசுவை விரட்டும் என்று நம்பி ஏமாற வேண்டாம். எலுமிச்சையில் கிராம்பு குத்தி வைப்பது பார்க்க அழகு, முகர இனிமை. கொசுவுக்கு நம்பகமான பாதுகாப்பு, வலைதான்.

சாம்பிராணி இல்லாமல் வெள்ளிக்கிழமையா?

எப்படி முடியும்! வெள்ளிக்கிழமை பூஜையிலும், பள்ளிவாசல் விசேஷங்களிலும், மாதா கோயில் தூபத்திலும் இந்தப் புகைக்கு இடம் இருக்கிறது. கடைத்தெருவில் கடை கடையாகச் சாம்பிராணிப் புகை காட்டிவரும் பாய்மார்களைப் பல ஊர்களில் இன்றும் பார்க்கலாம். அந்த வாசனையோடு எத்தனையோ பேருடைய பிள்ளைப் பருவமே கலந்திருக்கிறது. விட்டுவிடச் சொல்வது அர்த்தமற்றது. அளவும் இடமும் முறையும்தான் கேள்வி.

கட்டிச் சாம்பிராணி என்பது ஒரு வகை மரத்தின் பால் உறைந்த பிசின். சுமத்ரா போன்ற தீவுகளிலிருந்து காலங்காலமாகக் கப்பலேறி வந்த சரக்கு. கடையில் கறுப்பாக, கூம்பாகவோ கிண்ணமாகவோ கிடைப்பவற்றில் கரித்தூளும் செயற்கை வாசனையும் கலந்திருப்பது உண்டு. நிறைய மணம் குறைந்த புகையில் வேண்டுமென்றால், நல்ல கட்டிச் சாம்பிராணியை வாங்கித் தட்டி வைத்துக்கொண்டு, கடுகளவு மட்டும் போடுவதே சிக்கனமும் நல்லதும்.

வாரத்தில் ஒரு நாள் போதும். கங்கை வாசலிலேயே புகையடங்க எரியவிட்டு, நன்கு கனிந்த பிறகு தூபக்காலில் எடுத்து உள்ளே வாருங்கள். எல்லா ஜன்னல்களும் திறந்திருக்கட்டும். கைக்குழந்தை, கர்ப்பிணி, இளைப்பு உள்ளவர்கள் அந்த நேரத்தில் திண்ணையிலோ மாடியிலோ இருக்கட்டும். வீடு சுற்றி முடித்ததும் தூபக்காலைக் கொல்லைப்புறத்துக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் தெளித்து அணைத்துவிடுங்கள்.

கடைசியாகச் சொன்னதை மறக்கவே கூடாது. கனன்றுகொண்டிருக்கும் கரி, கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயுவை வெளியிடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய அறையில் தலைவலி, மயக்கம், தூக்கம் என ஆரம்பித்து, தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். குளிருக்காகக் கரி மூட்டிக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் எழவே இல்லை என்ற செய்திகள் மலைப்பிரதேசங்களிலிருந்து வருவது இதனால்தான். தூபக்காலோ கரிச்சட்டியோ, கங்கு இருக்கும் எதுவும் இரவில் படுக்கையறையில் இருக்கக் கூடாது.

குழந்தை உள்ள வீட்டில் நான்கு எச்சரிக்கைகள்

தலை குளிப்பாட்டிய குழந்தையைச் சாம்பிராணிப் புகையில் காட்டுவது நம் ஊரில் பாசத்தோடு செய்யும் காரியம். ஆனால் பச்சிளம் குழந்தையின் மூச்சுக்குழாய் மிகச் சிறியது. அந்தப் புகை அதற்குப் பாரம். மென்மையான பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, கதகதப்பான துணியில் சுற்றினால் தலை தானாகக் காயும்.

அந்துருண்டை எனப்படும் நாப்தலீன் உருண்டை போட்ட பெட்டியிலிருந்து எடுத்த துணியைக் குழந்தைக்கு நேராகப் போடாதீர்கள். ஜி-6-பி-டி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அந்த வாசமே ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து, கடுமையான மஞ்சள் காமாலையையும் ரத்தசோகையையும் கொண்டுவரலாம். குறைபாடு இருப்பது பெற்றோருக்கே தெரியாமல் இருக்கும். மணப் பொட்டலம் இங்கேதான் உண்மையில் கைகொடுக்கிறது.

கற்பூரத்தைக் கிண்ணத்தில் போட்டு அறை மூலையில் வைக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. தவழும் குழந்தைக்கு அது வெள்ளைக் கற்கண்டாகத் தெரியும். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரலாம். அப்படி நேர்ந்தால் கைவைத்தியம் பார்க்காமல், வாந்தி எடுக்கவும் வைக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

நீலகிரித் தைலம் முதலான வாசனை எண்ணெய்களுக்கும் இதே விதிதான். சிறு புட்டியில் இருப்பதால் ஆபத்தும் சிறியது என்று எண்ண வேண்டாம். பூட்டிய அலமாரியே அதற்கு இடம். பூனை வளர்க்கும் வீடுகளில் இந்த எண்ணெய்களை அறைக்குள் ஆவியாக்குவதையும் தவிர்ப்பது நல்லது.

தொட்டியில் வளரும் வாசனை

ஜன்னல் ஓரத்தில் நான்கு தொட்டி வைக்க இடம் இருந்தால் போதும். துளசி, கற்பூரவல்லி, மருக்கொழுந்து, எலுமிச்சைப்புல் நான்கும் அதிகம் கேட்காத செடிகள். கற்பூரவல்லியில் ஒரு தண்டு ஒடித்து நட்டாலே துளிர்த்துவிடும். எலுமிச்சைப்புல்லை வேரோடு பிரித்து வைத்தால் தொட்டி நிறைய அடர்ந்துவிடும். மாலையில் போகிற போக்கில் இலையை இரண்டு விரலால் தேய்த்துவிட்டுப் போனால் அறைக்கு மணம், சளிக்குக் கஷாயத்துக்கும் கைக்கெட்டிய தூரத்தில் இலை.

கார்த்திகை, மார்கழியில் தண்ணீரைக் குறைத்து ஊற்றுங்கள். மேல்மண் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். எப்போதும் ஈரமாக இருக்கும் தொட்டி, வீட்டுக்குள் இன்னொரு பூஞ்சைப் பண்ணை.

மூக்கு சொல்லும் பொய்

ஒரு மணத்துக்குள் சில நிமிடம் இருந்தாலே நம் மூக்கு அதைக் கவனிப்பதை நிறுத்திவிடும். ஊதுபத்தி ஏற்றிய பத்தாவது நிமிடத்தில் 'வாசனையே இல்லையே' என்று இன்னொன்றை ஏற்றுவது இதனால்தான். வாடைக்கும் அதே கதை. வீட்டு வாடை வீட்டுக்காரருக்குத் தெரியாது, வந்தவருக்குத்தான் தெரியும்.

கோலம் போட வெளியே போய்விட்டுக் கால் மணி நேரம் கழித்து உள்ளே வரும்போது, முதல் இரண்டு மூச்சில் மூக்கு சொல்வதே உண்மை. அப்போது ஈர வாடை அடித்தால், அன்று தேவை வாசனை அல்ல, வெயிலும் காற்றும். எத்தனை நாள் ஜன்னல் திறந்தும், சுவரில் கரும்புள்ளியும் மக்கிய வாடையும் போகவில்லை என்றால், சுவர் விரிசலோ குழாய்க் கசிவோ இருக்கக்கூடும். அங்கே கொத்தனாரையும் பிளம்பரையும் கூப்பிடுவதே முறை.

வாலிகண்டபுரத்தில் பனி விலகிப் பத்து மணி வெயில் ஏறுகிறது. சாலையோரத்தில் மக்காச்சோளத்தைக் காயப்போடும் கைகளுக்கு ஒரு விஷயம் நன்றாகவே தெரியும். ஈரத்தோடு மூட்டை கட்டினால் எத்தனை உயர்ந்த தானியமும் புழுத்துப்போகும். காயவிட்டுக் கட்டினால் அடுத்த பருவம் வரை மணக்கும். வீடும் தானியம் மாதிரிதான். முதலில் வெயிலுக்குக் காட்டுங்கள். பிறகு ஒரு ஆரஞ்சுத் தோலும் நான்கு கிராம்பும் போதும், மார்கழி முழுக்க மணக்கும்.